சிறார் கையில் ஆயுதம்: குற்றம் யார்மீது?

ஹிஜ்ரி 3ஆம் ஆண்டு. குறைஷிகள் மூவாயிரம் பேர் கொண்ட படையுடன் மதீனாவை நோக்கி வந்துவிட்டார்கள். அவர்களை எதிர்கொள்ளப் புறப்பட்ட முஸ்லிம்களின் தொகை ஏறக்குறைய ஆயிரம்தான். அதிலும் முந்நூறு பேர் இடைவழியில் பிரிந்து திரும்பிவிட்டார்கள். ஒவ்வோர் ஆளும் தேவைப்பட்ட நேரம் அது. அப்படிப்பட்ட உஹதுப் போரின்போது, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் படையைப் பார்வையிட்டு, வரிசையில் நின்ற சிறுவர்களைப் பிரித்தெடுத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி), உஸாமா இப்னு ஸைத் (ரலி), ஸைத் இப்னு ஸாபித் (ரலி), பராஉ இப்னு ஆஸிப் (ரலி) ஆகியோர் அவ்வாறு திருப்பி அனுப்பப்பட்டவர்களில் சிலர்.

இந்நிகழ்ச்சியைப் பயான்களில் நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் அச்சிறுவர்களின் ஆர்வத்தைப் புகழ்வதோடு பேச்சு முடிந்துவிடும். அவர்களைத் திருப்பி அனுப்பிய கட்டளையைப் பற்றி நாம் அதிகம் சிந்திப்பதில்லை. சிறுவன் ஆசைப்பட்டான் என்பது ஒரு செய்தி. பெரியவர்கள் அந்த ஆசையைப் பயன்படுத்திக் கொள்ளவில்லை என்பதே அதில் உள்ள பாடம்.

யுத்த காலத்தில் சிறார்களைக் காப்பதற்கு இன்றைய உலகில் என்னென்ன சட்டங்கள் உள்ளன, அவை எப்படிப் பிறந்தன, எங்கே பலித்தன, எங்கே பலிக்கவில்லை என்பதை இந்த மாதப் பாடமாக எடுத்துக் கொள்கிறோம். ‘எல்லாம் நம்மிடம் முன்பே உள்ளன’ என்று பெருமை பேசுவதற்காக இதை எழுதவில்லை. முன்பே அறிந்தவனுக்குப் பொறுப்பு அதிகம் என்பதை நினைவூட்டவே எழுதுகிறோம்.

இருபக்கக் காவல்

யுத்தத்தில் ஒரு குழந்தைக்கு இரண்டு விதமான தீங்கு நேரலாம். ஒன்று, அது கொல்லப்படுவது. மற்றொன்று, அதைக் கொண்டே கொல்லச் செய்வது. முதல் தீங்கில் உடல் அழிகிறது. இரண்டாவதில் உடல் பிழைத்தாலும் வாழ்வு அழிகிறது. ஆகவே காவலும் இருபக்கமும் வேண்டும்.

முதலாவதைப் பற்றி ஸஹீஹ் புகாரியிலும் ஸஹீஹ் முஸ்லிமிலும் தெளிவான ஹதீஸ் உண்டு. ஒரு போரில் பெண்ணொருத்தி கொல்லப்பட்டுக் கிடந்ததைக் கண்டு, பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்று இப்னு உமர் (ரலி) அவர்களே அறிவிக்கிறார்கள். மற்றொரு சமயம், எதிரிகளின் பிள்ளைகள் கொல்லப்பட்ட செய்தி வந்தது. “அவர்கள் இணைவைப்போரின் பிள்ளைகள்தாமே” என்ற கருத்தில் ஒருவர் சமாதானம் சொன்னார். உங்களில் சிறந்தவர்களும் இணைவைப்போரின் பிள்ளைகளாகப் பிறந்தவர்கள் அல்லவா என்ற பொருளில் அண்ணலார் அவரைக் கண்டித்தார்கள். எதிரியின் குழந்தை எதிரியன்று என்பதே இதன் சாரம்.

இரண்டாவதற்கு உஹது நிகழ்ச்சியே ஆதாரம். உஹதின்போது இப்னு உமர் (ரலி) அவர்களுக்கு வயது 14, அனுமதி இல்லை. அகழ்ப்போரின்போது வயது 15, அனுமதி கிடைத்தது. இரண்டு போர்களுக்கும் இடையே ஓராண்டுக்கு மேல் ஆகிறதே என்று கேட்டவர்களுக்கு, முன்னதில் 14 தொடங்கியிருந்தது, பின்னதில் 15 நிறைந்திருந்தது என்று அறிஞர்கள் விளக்கம் தந்துள்ளனர். பிற்காலத்தில் இச்செய்தியை நாபிஃ (ரஹ்) அவர்கள் வாயிலாகக் கேட்ட கலீபா உமர் இப்னு அப்துல் அஸீஸ் (ரஹ்) அவர்கள், சிறியவருக்கும் பெரியவருக்கும் இடையே உள்ள எல்லை இதுவே எனக் கூறி, 15 வயது நிறைந்தவர்களுக்கே படைவீரருக்குரிய உதவித்தொகை எழுத வேண்டுமென்று தம் ஆளுநர்களுக்கு உத்தரவு அனுப்பினார்கள். ஒரு நபிமொழி அரசாணையான விதம் இது.

உலகச் சட்டம் வளர்ந்த வரலாறு

இன்றைய சர்வதேசச் சட்டத்தில் குழந்தைக்கென ஒரு சொல் முதன்முதலில் எழுந்ததும் யுத்தத்தின் சாம்பலிலிருந்துதான். முதல் உலக யுத்தம் முடிந்த பின்னரும் நீடித்த கடல் முற்றுகையால் ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் குழந்தைகள் பட்டினியால் வாடினர். எக்லன்டைன் ஜெப் என்ற ஆங்கிலேயப் பெண்மணி 1919இல் லண்டனில் ‘குழந்தைகளைக் காப்போம்’ என்னும் நிதியத்தைத் தொடங்கினார். எதிரி நாட்டுப் பிள்ளைகளுக்காகப் பரிந்து பேசிய துண்டுப் பிரசுரங்களை விநியோகித்ததற்காக அவர் கைது செய்யப்பட்டார். அவர் வகுத்த ஐந்து அம்சப் பிரகடனத்தையே 1924இல் சர்வதேச சங்கம் ஜெனீவாவில் ஏற்றது. துயர் வரும் காலத்தில் முதலில் உதவி பெற வேண்டியது குழந்தையே என்பது அவ்வைந்தில் ஒன்று. ஆனால் அது பிரகடனம்தான். யாரையும் கட்டுப்படுத்தும் சட்டமன்று.

இரண்டாம் உலக யுத்தத்திற்குப் பின், 1949 ஆகஸ்ட் 12ஆம் நாள் கையெழுத்தான நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, போர்க்களத்தில் சிக்கிய பொதுமக்களைப் பற்றியது. அதில் குழந்தைகளுக்கெனத் தனி ஷரத்துகள் இடம்பெற்றன. முற்றுகையிடப்பட்ட இடங்களிலிருந்து குழந்தைகளை வெளியேற்ற இரு தரப்பாரும் முயல வேண்டும். 15 வயதுக்குட்பட்டவர்களுக்கான உணவு, உடை, சத்து மருந்து ஆகியவை எதிரியின் எல்லை வழியாகச் சென்றாலும் தடையின்றிச் செல்லவிட வேண்டும். பெற்றோரை இழந்த அல்லது பிரிந்த 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளைக் கைவிடலாகாது. ஆக்கிரமித்த அரசு 18 வயதுக்குட்பட்டவர்களைக் கட்டாய வேலை வாங்கக் கூடாது. குற்றம் நடந்த வேளையில் 18 நிரம்பாதவர்களுக்கு மரண தண்டனை விதிக்கலாகாது. இத்தனையும் முதற்பக்கக் காவல். சிறுவர் கையில் ஆயுதம் கொடுப்பதைப் பற்றி அவ்வுடன்படிக்கை வாய் திறக்கவில்லை.

அந்த மௌனம் கலைய மேலும் 28 ஆண்டுகள் ஆயின. 1977 ஜூன் 8ஆம் நாள் ஏற்கப்பட்ட இரண்டு துணை உடன்படிக்கைகளில்தான், 15 வயது நிரம்பாதவர்களைப் படையில் சேர்க்கலாகாது என்னும் விதி முதன்முறையாக எழுதப்பட்டது. நாடுகளுக்கிடையே நடக்கும் போருக்கான விதியில் ‘இயன்ற நடவடிக்கை’ என்ற தளர்வான சொல் இடம்பெற்றது. உள்நாட்டுப் போருக்கான விதியோ உறுதியாக அமைந்தது: 15க்குட்பட்டவர்களைச் சேர்க்கவும் கூடாது, சண்டையில் பங்கெடுக்க விடவும் கூடாது. 1989 நவம்பர் 20ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையும், தன் 38ஆம் ஷரத்தில் அதே 15 வயதையே வைத்தது. அவ்வுடன்படிக்கை மற்ற எல்லாவற்றிலும் 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தை என்றது. யுத்தத்தில் மட்டும் 15இல் நின்றுவிட்டது. ஓட்டுப் போடத் தகாத வயதில் உயிரை விடலாமா என்ற கேள்வி உலகெங்கும் எழுந்தது.

அதற்கு விடையாக வந்ததே 2000 மே 25ஆம் நாள் ஏற்கப்பட்டு, 2002 பிப்ரவரி 12ஆம் நாள் நடைமுறைக்கு வந்த விருப்ப உடன்படிக்கை. அதன்படி, கட்டாயப் படைச் சேர்ப்புக்குக் குறைந்த வயது 18. அரசுப் படையில் இருக்கும் 18க்குட்பட்டவர்கள் நேரடிச் சண்டையில் இறங்காதபடி அரசுகள் இயன்றதெல்லாம் செய்ய வேண்டும். அரசு சாராத ஆயுதக் குழுக்களோ 18க்குட்பட்ட எவரையும், அவர்களே விரும்பி வந்தாலும், எந்நிலையிலும் சேர்க்கலாகாது. ஆனால் அரசுகளுக்கு ஒரு சலுகை விடப்பட்டது. தாமே முன்வருவோரை 16 வயதிலிருந்து சேர்த்துக் கொள்ளலாம். நம் இந்தியா 2005இல் இதில் சேர்ந்தபோது, பதினாறரை வயதில் சேர்ப்பதுண்டு, பயிற்சிக்குப் பின் 18 நிறைந்தால் மட்டுமே களத்துக்கு அனுப்புவோம் என்று அறிவித்தது.

பதினைந்தா, பதினெட்டா?

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். உலக நாடுகள் இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் விவாதித்த 15, 18 என்ற இரண்டு எண்களும் நம் பிக்ஹு நூல்களில் பழக்கமானவை. பருவமடைந்ததற்கான உடல் அடையாளம் தோன்றாவிட்டால், எந்த வயதில் ஒருவனைப் பாலிகு எனக் கொள்வது? ஷாபிஈ, ஹன்பலி மத்ஹபுகளிலும், ஹனபி மத்ஹபின் இமாம்களான அபூயூஸுப் (ரஹ்), முஹம்மத் (ரஹ்) ஆகியோரிடத்திலும் 15 வயது. அதற்கு அவர்கள் காட்டும் ஆதாரம் மேலே சொன்ன இப்னு உமர் (ரலி) அவர்களின் ஹதீஸேயாகும். இமாம் அபூஹனீபா (ரஹ்) அவர்களோ ஆணுக்கு 18, பெண்ணுக்கு 17 என்றார்கள். ஹிஜ்ரிக் கணக்கில் 15 ஆண்டு என்பது ஆங்கிலக் கணக்கில் பதினான்கரை ஆண்டுக்குச் சற்றே அதிகம் என்பதையும் நினைவில் கொள்க.

ஆக, 18 என்றதும் ‘இது மேல்நாட்டார் கொண்டு வந்தது’ என்று முகம் சுளிப்பதற்கு இடமில்லை. மேலும், பாலிகு என்பது தொழுகையும் நோன்பும் கடமையாகும் எல்லை. அந்த எல்லையைத் தாண்டியவனை உடனே போருக்கு அனுப்பியாக வேண்டும் என்று எந்த மத்ஹபும் சொல்லவில்லை. உஹதிலேயே 15 வயதான ஸமுரா (ரலி), ராபிஃ (ரலி) இருவரும் முதலில் திருப்பி அனுப்பப்பட்டார்கள். உடல் வலிமையும் வில்திறனும் எடுத்துரைக்கப்பட்ட பின்னரே அனுமதி பெற்றார்கள். வயது என்பது அதற்குக் கீழே எவரையும் சேர்க்கக் கூடாது என்பதற்கான வேலி. அதற்கு மேலே எல்லாரையும் இழுத்து வருவதற்கான கயிறு அன்று. நாடுகள் கூடி, உடன்பட்டு, வேலியை 18க்கு உயர்த்திக் கட்டினால், வாக்கை நிறைவேற்றுவது முஸ்லிமின் கடமையல்லவா?

சியரா லியோன் கற்றுத் தந்த பாடம்

எழுதி வைத்த சட்டம் எப்போது உயிர் பெறுகிறது? மீறியவன் கூண்டில் ஏறும்போதுதான். இதற்கு மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் நாட்டை எடுத்துக் கொள்வோம். மக்களில் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள். கிறிஸ்தவர்களும் கணிசமாக வாழும் நாடு. 1991 மார்ச்சில் ‘புரட்சிகர ஐக்கிய முன்னணி’ என்ற கலகப் படை லைபீரிய எல்லை வழியே நுழைந்தது. வைரச் சுரங்கங்களின் பணம் துப்பாக்கியாக மாறியது. 2002 ஜனவரி வரை யுத்தம் நீடித்தது.

அந்த யுத்தத்தில் கலகக்காரர்கள் மட்டுமன்றி, அரசை ஆதரித்த உள்ளூர்க் காவல் படையும் சிறுவர்களைப் பயன்படுத்தியது. கிராமத்தைத் தாக்கி, பிள்ளைகளைக் கடத்திச் செல்வார்கள். ஓடிவிடாதபடி மார்பில் படையின் பெயரைக் கீறுவார்கள். போதைப் பொருள் கொடுத்துத் துப்பாக்கியை நீட்டுவார்கள். சொந்த ஊராரையே தாக்கச் செய்வார்கள். இனி திரும்பிப் போக வீடு இல்லை என்று அந்தப் பிள்ளை உணர வேண்டும் என்பதே அதன் நோக்கம். பெண்பிள்ளைகள் சமையலுக்கும் சுமை தூக்கவும் பிடிக்கப்பட்டனர். படைத்தலைவர்களின் ‘மனைவியர்’ என்ற பெயரில் கொடுமைக்கும் ஆளாயினர்.

1999 ஜூலையில் லோமே நகரில் சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. முஸ்லிம், கிறிஸ்தவத் தலைவர்கள் சேர்ந்து அமைத்திருந்த சமயங்களின் கூட்டவை அதற்குப் பெரிதும் உழைத்தது. போரிட்ட எல்லாருக்கும் அதில் பொதுமன்னிப்பு வழங்கப்பட்டது. ஆனால் மனித குலத்துக்கு எதிரான குற்றங்களுக்கும் போர்க் குற்றங்களுக்கும் அம்மன்னிப்பு செல்லாது என்று ஐக்கிய நாடுகள் சபையின் பிரதிநிதி தன் ஆட்சேபத்தைப் பதிவு செய்தார். அந்த ஆட்சேபமே பின்னர் நீதிமன்றத்துக்கு வழி திறந்தது. 2002 ஜனவரியில் அந்நாட்டு அரசும் ஐக்கிய நாடுகள் சபையும் ஒப்பந்தம் செய்து, தலைநகர் ஃப்ரீடவுனில் ஒரு விசேஷ நீதிமன்றத்தை அமைத்தன.

அங்கேதான் நம் தலைப்பிலுள்ள கேள்வி நேருக்கு நேர் நின்றது. கொலை செய்த கைகளில் சிறுவர் கைகளும் இருந்தன. கை கால்களை இழந்தவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் ஊரெங்கும் இருந்தார்கள். வெட்டியவன் சிறுவன் என்பதற்காக வெட்டுக்காயம் சிறிதாகிவிடுமா என்று அவர்கள் கேட்டதில் நியாயமில்லை என்று யார் சொல்வார்? நீதிமன்றத்தின் சட்டம் 15 வயதுக்குக் கீழே எவரையும் விசாரிக்க இடம் தரவில்லை. 15 முதல் 18 வரை விசாரிக்கலாம் என்று இடம் விட்டிருந்தது. ஆனால் அரசுத் தரப்பு வழக்குரைஞரான டேவிட் கிரேன், சிறார் எவர்மீதும் வழக்குத் தொடரப் போவதில்லை என்று 2002இலேயே அறிவித்துவிட்டார். துப்பாக்கியைப் பிடித்த பிள்ளையை அல்ல, அதைப் பிடிக்கச் செய்த பெரியவனைத் தேடுவது என்று முடிவாயிற்று.

பெரியவர்கள் விட்டார்களா? நாங்கள் சேர்த்த காலத்தில் அது குற்றம் என்று எந்தச் சட்டம் சொன்னது என்று வாதாடினார்கள். 2004 மே 31ஆம் நாள் மேல்முறையீட்டு அமர்வு, ஒரு நீதிபதியின் மாறுபாட்டுடன், அவ்வாதத்தைத் தள்ளியது. 15க்குட்பட்டவர்களைப் படையில் சேர்ப்பது 1996 நவம்பருக்கு முன்பே உலக வழக்கில் குற்றமாகிவிட்டது என்று தீர்ப்பளித்தது. 2007 ஜூன் 20ஆம் நாள் மூன்று தளபதிகள் இக்குற்றத்துக்காகத் தண்டனைக்குரியவர்கள் என முடிவாயிற்று. ஒரு சர்வதேச நீதிமன்றம் சிறாரைப் படையில் சேர்த்ததற்காக வழங்கிய முதல் தீர்ப்பு அதுவே. கலகத்துக்குத் துணை நின்ற லைபீரியாவின் முன்னாள் அதிபர் சார்லஸ் டெய்லரும் தப்பவில்லை. 2012இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர்மீது நிரூபணமான குற்றங்களில் சிறாரைப் படையில் சேர்த்ததும் ஒன்று.

பிள்ளைகள் வீடு திரும்பியது எப்படி?

தண்டனை பெரியவர்களுக்கு, பிள்ளைகளுக்கு என்ன? ஆயுதம் களைந்த சிறார்கள் 6,800க்கு மேற்பட்டோர். அவர்களை இடைக்காலக் காப்பகங்களில் வைத்து, பெற்றோரைத் தேடிப் பிடித்து, கல்வியோ கைத்தொழிலோ கற்றுக் கொடுத்தார்கள். பல கிராமங்களில் ஊர்ப் பெரியவர்களும் சமயத் தலைவர்களும் கூடி, பிரார்த்தனை செய்து, அப்பிள்ளையை ஊரார் முன்னிலையில் மீண்டும் ஏற்றுக் கொண்டார்கள். உண்மை கண்டறியும் ஆணையமும், 2004இல் சிறுவர்களே படித்துப் புரிந்துகொள்ளத் தக்க தனி அறிக்கையொன்றை வெளியிட்டது. 2007இல் அந்நாட்டின் சிறார் உரிமைச் சட்டம், படைச் சேர்ப்புக்குரிய வயதை 18 என நிர்ணயித்தது.

குறையும் இருந்தது. ஆயுதத்தை ஒப்படைத்தால்தான் உதவி என்று வைத்ததால், கையில் ஆயுதமில்லாத பெண்பிள்ளைகள் பலர் கணக்கில் வராமலே போனார்கள். அவர்கள் பட்ட துயரம் ஆண்பிள்ளைகளுடையதைவிடக் குறைந்ததன்று. ஆயினும் பட்டியலில் அவர்கள் மிகச் சிலரே. சட்டம் எழுதுவோர் பெண்குழந்தையை மறந்தால் சட்டம் அவளைச் சென்றடைவதில்லை என்பதற்கு இது சான்று.

எழுதுகோல் மீண்டும் இறங்கும் வேளை

பருவமடையாத சிறுவனின் செயல் அவன்மீது குற்றமாக எழுதப்படுவதில்லை. அவனை விட்டு எழுதுகோல் விலக்கப்பட்டுள்ளது என்பது ஹதீஸின் கருத்து. அந்த எழுதுகோல் அப்போது சும்மா இருப்பதில்லை. அவனை ஏவியவனின் ஏட்டில் அது எழுதிக் கொண்டிருக்கிறது. சியரா லியோன் நீதிமன்றம் செய்ததும் ஏறக்குறைய இதுதான்.

அப்படியானால் கடத்தப்பட்ட பிள்ளை வளர்ந்து, தானே படைத்தலைவனாகி, மற்றப் பிள்ளைகளைக் கடத்தினால்? இக்கேள்வியும் கற்பனையன்று. உகாண்டாவில் டொமினிக் ஆங்வென் என்பவர் ஏறத்தாழ ஒன்பது வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் ‘இறைவனின் எதிர்ப்புப் படை’ எனத் தன்னை அழைத்துக் கொண்ட கூட்டத்தால் கடத்தப்பட்டவர். பின்னர் அதே படையில் தளபதியானார். 2021 பிப்ரவரியில் ஹேக் நகரிலுள்ள சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் அவரை 61 குற்றங்களில் குற்றவாளி எனக் கண்டது. சிறாரைப் படையில் சேர்த்தது அவற்றில் ஒன்று. நானும் பாதிக்கப்பட்டவன்தான் என்ற வாதம் அவரை விடுவிக்கவில்லை. ஆனால் அவர் பிள்ளைப் பருவத்தில் பட்ட துயரத்தைக் கருதி, ஆயுள் தண்டனை விதிக்காமல் 25 ஆண்டுச் சிறை விதித்தார்கள். வளர்ந்த பின் ஒருவன் தன் செயலுக்குத் தானே பதில் சொல்ல வேண்டும். எனினும் அவன் நடந்து வந்த வழியை நீதிபதி பார்க்காமல் இருக்கலாகாது. நீதியும் இரக்கமும் ஒன்றையொன்று கைவிடாத தீர்ப்பு என்றே இதைக் கொள்கிறோம்.

பட்டியலும் அதன் பலவீனமும்

நீதிமன்றம் நடந்ததை விசாரிக்கும். நடந்து கொண்டிருப்பதைத் தடுக்க என்ன வழி? 2005இல் ஐ.நா. பாதுகாப்பு சபை 1612ஆம் தீர்மானத்தின் மூலம் கண்காணிப்பு முறையொன்றை ஏற்படுத்தியது. கொல்வதும் ஊனப்படுத்துவதும், படையில் சேர்ப்பது, பாலியல் கொடுமை, கடத்தல், பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் தாக்குவது, உதவிப் பொருளைத் தடுப்பது ஆகிய ஆறு கொடுமைகள் ஆண்டுதோறும் சரிபார்த்துப் பதியப்படுகின்றன. இவற்றுள் கடைசியாகச் சொன்னது நீங்கலாக மற்றவற்றைச் செய்யும் படைகளின் பெயர்கள் பட்டியலில் ஏறும். திட்டமொன்றில் கையெழுத்திட்டு, அதை நிறைவேற்றிக் காட்டினால் பெயர் நீங்கும்.

இதை எங்கோ தூரத்துச் செய்தியென எண்ண வேண்டாம். அண்டையிலுள்ள இலங்கையில் தமிழ்ப் பிள்ளைகள் ஆயுதம் ஏந்த வைக்கப்பட்டதை நம் தலைமுறை கண்டிருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவர்களைச் சண்டையில் ஈடுபடுத்த மாட்டோம் என்று விடுதலைப் புலிகள் 1998இல் ஐ.நா. பிரதிநிதியிடம் வாக்களித்தார்கள். வாக்குக் காப்பாற்றப்படவில்லை, அவ்வமைப்பும், பின்னர் அதிலிருந்து பிரிந்த குழுவும் பட்டியலில் ஏறின. 2009இல் யுத்தம் முடிந்தபின், அப்பிள்ளைகளில் 500க்கு மேற்பட்டோர் சிறைக்கு அன்றிப் புனர்வாழ்வுக்கு அனுப்பப்பட்டு, குடும்பங்களிடம் சேர்க்கப்பட்டனர். 2006 முதல் 2012 வரை இப்பணிக்கான ஐ.நா. விசேஷப் பிரதிநிதியாக இருந்து உலகெங்கும் சிறாருக்காக வாதாடிய ராதிகா குமாரசுவாமியும் இலங்கைத் தமிழ்ப் பெண்மணியே.

முஸ்லிம் உலகத்தின் கணக்கையும் மறைக்காமல் பார்ப்போம். யமனில் ஹூதிகள் சிறுவர்களைப் போருக்குச் சேர்த்ததைக் கைவிடுவதாக 2022 ஏப்ரலில்தான் கையெழுத்திட்டார்கள். அதே யமனில் குழந்தைகளைக் கொன்றதற்காக 2016இல் பட்டியலில் ஏறிய சவூதி தலைமையிலான கூட்டுப்படையின் பெயர் சில நாட்களிலேயே நீக்கப்பட்டது. நிதி நிறுத்தப்பட்டால் வேறு பல லட்சம் குழந்தைகள் வாடுவார்களே என்று அஞ்சியதை அன்றைய பொதுச் செயலாளரே ஒப்புக்கொண்டார். 2024 ஜூனில் வெளியான அறிக்கையில் காஸாவின் குழந்தைகளுக்காக இஸ்ரேலியப் படையின் பெயர் முதன்முறையாக ஏறியது. ஹமாஸ், இஸ்லாமிய ஜிஹாத் அமைப்புகளின் ஆயுதப் பிரிவுகளும் அதில் ஏறின. 2024ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் சரிபார்க்கப்பட்ட கொடுமைகள் 41,370. இம்முறை தொடங்கிய நாள் முதல் அதுவரை பதிவானவற்றில் இதுவே மிக அதிகம்.

பட்டியலால் பயன் என்ன என்று கேட்கத் தோன்றும். பெயர் எழுதப்படாமல் போயிருந்தால், சார்லஸ் டெய்லரைப் போன்றோர் இன்றும் மாளிகையில் இருந்திருப்பார்கள் என்பதே நம் பதில். சாட்சியம் உடனே தண்டனையாகாது. ஆனால் சாட்சியம் இல்லாமல் தண்டனையே இல்லை.

நாம் செய்யக் கூடியவை

ஐ.நா. சபையில் நமக்கு இருக்கை இல்லை. ஆனால் நம் வீடும் மஹல்லாவும் மதரஸாவும் நம் கையில் உள்ளன.

1. பிள்ளையின் வயதைப் பதிவு செய்யுங்கள். காங்கோவின் தாமஸ் லுபாங்கா மீதான வழக்கில், படையிலிருந்த பிள்ளைகள் 15க்குட்பட்டவர்களா என்பதை நிறுவுவதே பெரும்பாடாயிற்று. வீடியோப் படங்களில் தெரிந்த முகங்களைப் பார்த்து நீதிபதிகள் முடிவு கட்ட வேண்டியதாயிற்று. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளைக்கு எந்த வயது வேலியும் காவலாகாது. நம் நாட்டில் பிறந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்வது 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி கடமை. அகீகாவுக்கு நாள் பார்க்கும்போதே இதற்கும் நாள் பாருங்கள்.

2. பயானிலும் பாடத்திலும் சிறுவர்களை வாளுடன் நிறுத்தி அழகு பார்க்காதீர்கள். உஹதைச் சொன்னால், அவர்கள் திருப்பி அனுப்பப்பட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் அமர்ந்துகொண்டு பிறர் பிள்ளையின் வீரத்தைப் பாடுவது எளிது.

3. எதிர்த்தரப்பின் குழந்தைக்காகவும் துஆச் செய்யுங்கள். நம் குழந்தைக்காக மட்டும் அழுவது பாசம். எல்லாக் குழந்தைக்காகவும் அழுவதே மார்க்கம் கற்றுத் தந்த நீதி.

4. யுத்தத்திலிருந்து தப்பி வந்த பிள்ளை உங்கள் தெருவிலோ பள்ளியிலோ இருந்தால், அவன் என்ன செய்தான் என்று துருவாதீர்கள். அவனுக்கு என்ன செய்யப்பட்டது என்பதை அல்லாஹ் அறிவான். அவனுக்குத் தேவை பாடப் புத்தகமும், அச்சமின்றி உறங்க ஓர் இடமும்.

முடிவாக

உஹதில் திருப்பி அனுப்பப்பட்ட அச்சிறுவர்கள் பின்னர் என்ன ஆனார்கள்? ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களே குர்ஆனை நூலாகத் தொகுக்கும் பெரும்பொறுப்பை ஏற்றார்கள். இப்னு உமர் (ரலி) அவர்கள் ஆயிரக்கணக்கான ஹதீஸ்களை இந்தச் சமுதாயத்துக்கு விட்டுச் சென்றார்கள். அன்று அவர்களைப் போருக்கு அனுப்பியிருந்தால் நாம் எதை இழந்திருப்போம் என்று எண்ணிப் பாருங்கள்.

இன்று ஏதோ ஒரு காட்டில், ஏதோ ஒரு முகாமில், தன்னைவிட நீளமான துப்பாக்கியைச் சுமந்து நிற்கும் பிள்ளைக்குள்ளும் ஓர் ஆலிமோ, ஆசிரியனோ, நல்லதொரு தகப்பனோ இருக்கலாம். அவனை வீட்டுக்குத் திருப்பி அனுப்பும் பெரியவர்களே இன்றைய தேவை. அத்தகைய பெரியவர்களாக நம்மை ஆக்கி, எல்லாக் குழந்தைகளையும் யுத்தத்தின் இரு தீங்கிலிருந்தும் காத்தருள வல்ல அல்லாஹ்வை வேண்டுவோமாக. ஆமீன்.